அவர் இறந்திராவிட்டால்

2024 யூன் 3, திங்கள்

சட்டத்தரணி சொன்னதால் எழுதுகிறேன். நினைவுக்கு வருவதையெல்லாம் திகதி போட்டு எழுதி வைத்தால் வாக்குமூலம் தயாரிக்கும்போது உதவும் என்றார். அவர் பெயர் பியோனா. டண்டினோங் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, இலவசச் சட்ட உதவி நிலையத்தில் இருக்கிறார். மாமிதான், என் கணவரின் தாய், கூட்டிக்கொண்டு போனா.

என் நிலைமையை பியோனா விளக்கிய விதம் இது. நான் கரவெட்டியிலிருந்து நிமலனின் மனைவியாக, அவருடைய பொறுப்பில், தற்காலிக விசாவில் மெல்பேர்னுக்கு வந்தவள். நிரந்தர விசா கிடைப்பதற்குள் போன மாதம் அவர் கார் விபத்தில் இறந்துவிட்டார். இனி நான் ஊருக்குத் திரும்பலாம். அல்லது படிக்கவோ வேலைக்கோ வேறு விசா கேட்கலாம். அதற்குரிய தகுதி என்னிடம் இல்லை. அதுவும் இல்லாவிட்டால், இறந்தவரின் மனைவி என்ற முறையில் இங்கேயே நிரந்தர விசா கேட்கலாம். அதற்கு ஒன்றை நிரூபிக்க வேண்டும். அவர் இறந்திராவிட்டால் நாங்கள் தொடர்ந்து கணவன் மனைவியாகவே வாழ்ந்திருப்போம் என்பதை.

"அது கஷ்டமில்லைத்தானே?" என்று பியோனா கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் நேரில் வரவில்லை. மேசையில் இருந்த தொலைபேசிக்குள் ஓர் ஆண் குரல். இந்தியத் தமிழ். பெயர் சொல்லவில்லை, தன் அடையாள இலக்கத்தை மட்டும் சொன்னார். கணவர் எப்படி இறந்தார் என்று பியோனா கேட்டபோது நான், "அவர் மோசம் போயிட்டார்" என்று தொடங்கினேன். எங்கள் ஊரில் இறந்துவிட்டார் என்பதை அப்படித்தான் சொல்வோம். அவர் அதை ஆங்கிலத்தில் வேறுமாதிரிச் சொல்லிவிட்டார். 'பேட்' என்ற சொல் எனக்கு விளங்கியது. பியோனா முன்னால் சாய்ந்தார்.

"மோசமா போயிட்டார்னா, எந்த விதத்துல மோசமா போனார்னு கேக்குறாங்கம்மா" என்றது குரல்.

மாமி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தா. பிறகு நான், "செத்துப்போனார்" என்றேன். "ஓ, மன்னிச்சுக்கங்க" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்தேன்.

யூன் 5

இடது கை இப்போது தலைக்கு மேலே உயர்கிறது. கொடியில் துணி போடும்போதுதான் கவனித்தேன்.

பருப்பை இறக்க முன்னர் மூன்று தரம் உப்புப் பார்த்தேன். சாப்பிட நானும் மாமியும் மட்டும்தான். மாமிக்கு உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான்.

பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய கராஜ் கதவைத் திறந்தார். எங்கள் கதவும் அதே சத்தம்தான், ஒரே ஆள் பொருத்தியவை. நான் அடுப்பை அணைத்துவிட்டு, பின்னலைச் சரிசெய்துகொண்டு, தொலைபேசியை மேசையில் எல்லோருக்கும் தெரியக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நான் அவரை நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று மாமி எண்ணியிருக்கக்கூடும். உண்மைதான், அவரைத்தான் நினைத்தேன்.

யூன் 8

மழை. வெளியே போகவில்லை. வெயில் என்றாலும் போயிருக்க மாட்டேன்.

யூன் 12

இன்று சான்றுகள் சேர்த்தோம். இருவரும் சேர்ந்து நிற்கும் படங்கள், இருவர் பெயரிலும் வந்த மின்சாரக் கட்டணச் சீட்டு, ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள்.

படங்களை மாமி மேசையில் பரப்பினா. தைப்பொங்கலுக்குக் கோயிலில் எடுத்த படத்தை நான் எடுத்தேன். இருவரும் சிரிக்கிறோம். தை மாதம் இங்கே நெருப்பு வெயில். எல்லோரும் மெல்லிய உடுப்பில் நிற்க, நான் மட்டும் மணிக்கட்டு வரைக்கும் மூடிய சட்டை போட்டிருக்கிறேன். மாமி அதை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து வைத்தா.

"இது வேண்டாம் பிள்ளை. வேற எடுப்பம்."



செய்திகளைத் திறந்தால் அவருடைய குரல். எழுதுவதற்குப் பஞ்சிப்பட்டு எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவார். 'எங்கை நிக்கிறாய்?' 'ஏன் போன் எடுக்கேல்லை?' 'எங்கை நிக்கிறாய்?' 'படம் எடுத்து அனுப்பு.' 'ஆர் பக்கத்தில?' 'எங்கை நிக்கிறாய்?' மாமி எழும்பித் தன் அறைக்குப் போய்விட்டா. நான் ஒலியைக் குறைத்து எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியாக வந்ததை மட்டும் திறக்கவில்லை. அதை ஒருமுறை கேட்டதே போதும்.

பியோனா தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரையும் இணைத்துக்கொண்டு, அனுப்பியவற்றைப் பற்றிக் கதைத்தார். நல்ல சான்று என்றார். "ஒரு நாளைக்கு இவ்வளவு தடவை நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டிருக்கார். உங்க மேல எவ்வளவு அக்கறையா இருந்திருக்கார்னு சொல்றாங்க" என்றது குரல்.

ஓம் என்றேன்.

யூன் 19

மாமியின் சாட்சியம் எடுக்கும் நாள். மாமி வெள்ளைச் சேலை கட்டி, அதன் மேல் மகனுடைய கறுப்புக் குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தா. அவருடைய வாசனைத் திரவியம் அதில் இன்னும் இருக்கிறது. ரயிலில் அருகில் இருக்க முடியாமல், காற்று வேண்டும் என்று கதவுப் பக்கம் போய் நின்றேன்.

மாமி நன்றாகச் சொன்னா. மகனும் மருமகளும் எப்படிச் சேர்ந்து கடைக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று கதைத்தார்கள் என்றெல்லாம். பிள்ளைப் பெயர் கதைத்தது உண்மை.

பிறகு பியோனா சாதாரணமாக ஒன்று கேட்டார். விபத்துச் செய்தியோடு பொலிஸ் வந்தபோது உங்கள் மருமகள் சுகிர்தா எங்கே இருந்தாள்?

"என்னோடதான். குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டவள்" என்றா மாமி, ஒரு நொடியும் தயங்காமல்.

அந்த நேரம் நான் குசினியில் நிற்கவில்லை. அது மாமிக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

திரும்பி வரும்போது மாமி ரயில் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நித்திரையில்லை.

யூன் 20

எழுதத்தான் வேண்டும்.

மே மாதம் இரண்டாம் திகதி காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, நான் வீட்டை விட்டுப் போனேன். முதல் நாள் இரவு நடந்ததை இங்கே எழுதவில்லை. ஒரு பையில் நாலு உடுப்பும் கடவுச்சீட்டும். ஆங்கில வகுப்பு நடக்கும் நூலகத்தில், பெண்கள் கழிப்பறைக் கதவில் உதவி கேட்பதற்கான ஒரு தொலைபேசி இலக்கம் ஒட்டியிருந்தது. முந்தின கிழமை அதற்கு எடுத்துக் கதைத்திருந்தேன். வந்தால் தங்க இடம் தருவோம் என்றார்கள். ரயிலில் ஏறினேன். அவர் அனுப்பிய 'எங்கை நிக்கிறாய்?' ஒன்றைக் கேட்டேன். பதில் போடாமல் தொலைபேசியை அணைத்தேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் அவரிடம் அப்படிச் செய்ததில்லை.

போய்ச் சேர முன்னர் பயம் வந்து திரும்ப இயக்கினேன். மாமி எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறா. "எங்க நிண்டாலும் உடன வா பிள்ளை" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. வந்தபோது வாசலில் பொலிஸ் கார் நின்றது. பையைப் பின்பக்கம் துணி துவைக்கும் அறையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். செத்தவீட்டுச் சனம் எல்லாம் போன பிறகு பையைத் தேடினேன். இல்லை. என் உடுப்புகள் அலுமாரியில் மடித்து அடுக்கியிருந்தன.

இன்று காலை மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஏன் மாமி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"நான் குசினியில நிண்டன் எண்டு."

மாமி கத்தியை வைத்தா. "நீ பையோட போகேக்க நான் சன்னலால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை. போய்த் தொலை எண்டு இல்லைப் பிள்ளை. போய்த் தப்பு எண்டுதான் நிண்டனான்."

நான் அழவில்லை. வெங்காயம்தான்.

"பிறகு அவன் எனக்குப் போன் எடுத்தவன். நீ போன் எடுக்கேல்லை எண்டு. குளிக்கிறாய் எண்டு சொன்னன். என்ர குரல் அவனுக்குத் தெரியும்தானே. பொய் சொன்னா நடுங்கும். வேலையை விட்டிட்டு வெளிக்கிட்டிட்டான். மழை. நீ போனதை ஒளிக்கப்போய் நானே என்ர பிள்ளையை ரோட்டில..."

விபத்து நடந்தது வீட்டுக்கு வரும் திசையில். வேலை நேரத்தில் ஏன் அந்தப் பக்கம் வந்தார் என்று பொலிஸும் கேட்டது. எனக்குத் தெரியும் என்று நான் அன்றைக்கே நினைத்தேன். நான் தொலைபேசியை அணைத்ததால் என்று. இவ்வளவு நாளும் ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, இருவரும் தனித்தனியாகத் தங்களைத் தாங்களே தூக்கிலிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

பின்னேரம் பக்கத்து வீட்டுக் கராஜ் கதவு திறந்தது. மாமி எட்டி, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தா. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"உங்களையுமோ மாமி?"

"என்னை அடிக்கேல்லை. ஒரே ஒருக்காத் தள்ளினவன்" என்றா. பிறகு சத்தத்தைக் கூட்டினா.

யூன் 25

வாக்குமூலம் தபாலில் வந்துவிட்டது. தமிழிலும் ஒரு பிரதி. கையெழுத்து வைக்க யூலை இரண்டாம் திகதி வரச்சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. 'என் கணவர் இறந்திராவிட்டால் நான் அவருடன் தொடர்ந்து வாழ்ந்திருப்பேன்.'

மாமி வாசித்துவிட்டுச் சொன்னா, "கையெழுத்தை வை. ஊரில உனக்கு ஆர் இருக்கினம்? தம்பி பெண்சாதி ஒரு மாசம் வைச்சிருப்பாள். பிறகு?"

"பொய் மாமி."

"பொய்தான். அவன் உன்னை வாழ விடேல்லை. செத்தாவது ஒரு விசா தரட்டும்."

பெற்ற தாய் அதைச் சொல்ல எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டும். அதற்காகவே வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

யூன் 29

நாலு நாளாக அந்த வரி காதில் கேட்கிறது. என் குரலில் அல்ல, அவருடைய குரலில். எங்கை நிக்கிறாய்? இஞ்சதான் நிக்கிறன். தொடர்ந்து வாழ்ந்திருப்பேன். எங்கை நிக்கிறாய்? தொடர்ந்து வாழ்ந்திருப்பேன்.

குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைக்கப் பயமாக இருந்தது. துடைக்காமல் வந்துவிட்டேன்.

யூலை 2

கையெழுத்து வைக்கவில்லை.

பியோனா பேனாவை நீட்டினார். வாங்கினேன். அந்த வரிக்குக் கீழே என் பெயரைப் போட்டால் நான் அந்த ரயிலில் ஏறவேயில்லை என்றாகிவிடும். இந்த நாட்டுக்கு வந்து நானாகச் செய்த ஒரே காரியம் அது. அவர் செத்தும் என்னை அந்தப் பெட்டியிலிருந்து இறக்கி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் குசினியில் நிறுத்திவிடுவார்.

பேனாவை மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசியைப் பார்த்துச் சொன்னேன். "நான் வாழ்ந்திருக்க மாட்டன். அவர் செத்த அண்டைக்குக் காலமை நான் அவரை விட்டிட்டுப் போயிட்டன். அவர் எனக்கு அடிக்கிறவர்."

அந்தக் குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது. மொழிபெயர்ப்பாளர்கள் 'அந்தப் பெண் சொல்கிறாள்' என்று சொல்வதில்லை, 'நான்' என்றே சொல்வார்கள். ஓர் ஆணின் குரலில் நான் என்னைக் கேட்டேன்.

பியோனா கடதாசியைத் தன் பக்கம் இழுத்து, மூடினார். இதை அனுப்ப முடியாது என்றார். வேறொரு வழி இருக்கிறது என்றார். பொறுப்பெடுத்துக் கூப்பிட்ட கணவனின் வன்முறையால் திருமணம் முறிந்திருந்தால், அதையே காரணமாகக் காட்டி நிரந்தர விசா கேட்கலாம். விசாவுக்காக ஒருவர் அடிவாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்பதற்குத்தான் அந்தச் சட்டம். ஆனால் முதல் வழியைவிடக் கடினம். வைத்தியரின் குறிப்பு, நான் அழைத்த அந்த இலக்கத்தாரின் பதிவு, சமூக சேவையாளரின் அறிக்கை எல்லாம் வேண்டும். நாங்கள் பிரிந்தது அவர் இறந்த அதே நாளில் என்பதால் நிறையக் கேள்விகள் வரும். நிராகரிக்கவும் கூடும்.

"எனக்கு உறுதி சொல்ல இயலாது. உங்கள் மாமியாரின் சாட்சியத்தையும் நான் இனிப் பயன்படுத்த முடியாது" என்றார்.

வெளியே மாமி காத்திருந்தா. என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "விசர்ப் பெட்டை, பைத்தியம்" என்றா. ரயில் நிலையம் வரைக்கும் என் கையை விடவில்லை.

யூலை 16

வாக்குமூலம் சொன்னேன். எழுதாமல் விட்ட அந்த இரவையும் சொன்னேன். இங்கே திரும்ப எழுதமாட்டேன், ஒருமுறை போதும்.

அதே மொழிபெயர்ப்பாளர். ஓரிடத்தில் "ஒரு நிமிஷம்மா" என்றார். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்து, பியோனா பிரதி எடுக்க வெளியே போன பிறகு, தொலைபேசி இன்னும் திறந்திருந்தது.

"நான் இப்படிப் பேசக் கூடாதும்மா. முதல் நாள் அந்த 'மோசம்'ங்கிற வார்த்தைய தப்பா மொழிபெயர்த்துட்டேன். மனசுல உறுத்திட்டே இருக்கு."

"நீங்கள் பிழையாச் சொல்லேல்லை அண்ணா" என்றேன்.

யூலை 24

மாமியைப் புதிதாகச் சாட்சி சொல்ல நான் கேட்கவில்லை. தானே சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றா. மகனுடைய குளிர்ச்சட்டையைப் போடவில்லை, நடுங்கிக்கொண்டே வந்தா.

"முந்தி ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள்?" என்று பியோனா கேட்டார்.

"இந்தப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிப்போடுவியள் எண்ட பயத்தில. அதோட, செத்த பிள்ளையைப் பற்றி ஆர் தாய் உண்மை சொல்லுவாள்?"

"இப்போது?"

"அவன் நான் பெத்த பிள்ளை. அவனைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தா நானே சொல்லுறன். வேற ஆக்கள் சொல்லி நான் கேக்க ஏலாது."

சுவருக்கு அடுத்த பக்கம் இருந்து கேட்ட எல்லாவற்றையும் சொன்னா. எனக்கு நினைவில் இல்லாத நாட்களும் மாமிக்கு நினைவில் இருந்தன. வெளியே வந்ததும் நடைபாதையில் வாந்தி எடுத்தா. மாமியின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்ரெம்பர் 8

கதை வெளியே போய்விட்டது. எப்படியென்று தெரியவில்லை. கோயிலில் ஒருவர் மாமியின் காதுபட, "செத்தவனில பழி போட்டு விசா எடுக்கினம்" என்றாராம். மாமி வீட்டுக்கு வந்து, சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்த மகனுடைய படத்தை எடுத்து, தூசி துடைத்துத் திரும்ப வைத்தா. இரவுக்குப் புட்டு.

நவம்பர் 19

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. காய்கறி வெட்டுவது, தட்டுகள் கழுவுவது. முதல் நாள் கறிக்கு உப்புப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று தரம் பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

விசா பற்றி ஒரு தகவலும் இல்லை.

2025 பெப்ரவரி 6

மேலும் கேள்விகள் கேட்டுக் கடிதம் வந்தது. பிரிந்த நாள் பற்றித்தான். பியோனா பதில் தயாரிக்கிறார். இரண்டு நாளாக மாமியும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமி தன் பெட்டியைத் திறந்து கடவுச்சீட்டைத் தேடினா. "நீ போறதெண்டா நானும் வாறன்" என்றா. இங்கே இருபது வருடமாக இருக்கும் மனிசி.

மார்ச் 18

விசா கிடைத்துவிட்டது.

வேலையில் இருக்கும்போது பியோனா தொலைபேசி எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விளங்கியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியில் மாமிக்குச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது சமைத்து வைத்திருந்தா. இருவரும் மேசையில் இருந்தோம். மாமி சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னா.

"ஒண்டு சொல்லாமல் வைச்சிருந்தனான். அண்டைக்கு அவன் எடுத்தவன் எண்டு சொன்னன்தானே. நீ குளிக்கிறாய் எண்டு நான் சொல்ல, 'அவள் சாப்பிட்டவளோ அம்மா?' எண்டு கேட்டவன். அதுதான் கடைசியாக் கதைச்சது."

நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"அதை முந்தியே சொல்லியிருந்தா நீ மனம் இளகி அவனைப் பற்றி ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாய். சொல்லாமல் ஊருக்குப் போயிருப்பாய். அதுதான் விசா வரும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். ஆனா அவன் கேட்டதை ஒருத்தருக்கும் சொல்லாமல் நான் சாக ஏலாது."

கெஞ்ச வந்தாரா, அடிக்க வந்தாரா? அந்த மழைக்குள் அவர் என்ன நினைத்துக்கொண்டு வந்தார் என்று இனி எந்த அதிகாரியும் எனக்கு எழுதி அனுப்பப்போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

"அடிச்ச அடுத்த நாளெல்லாம் அவர் அப்பிடித்தான் மாமி கேக்கிறவர்."

"தெரியும் பிள்ளை" என்றா மாமி. "அவன்ர தகப்பனும் அப்பிடித்தான் கேக்கிறவர்."

பிறகு எழும்பி, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டா.